நிலவேம்புக் குடிநீர் சூரணம்: எந்தப் பாக்கெட்டை வாங்கலாம்?

மழைக்காலக் காய்ச்சல் தொடங்கியதும் நாட்டு மருந்துக் கடைகளில் முதலில் தீர்வது நிலவேம்புதான். ஆனால் அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன: கொரகொரப்பான குடிநீர் சூரணம், மாவு போல அரைத்த தனி நிலவேம்புப் பொடி, மாத்திரை. காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பவர்கள் முதலாவதையே வாங்க வேண்டும்.

காரணம், நிலவேம்புக் குடிநீர் என்பது ஒற்றை மூலிகை அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்குகளைச் சம எடையில் சேர்ப்பது சித்த மருத்துவ முறை. லேபிளில் இந்த ஒன்பதும் இருக்கிறதா, மருந்து உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரின் இம்ப்காப்ஸ் கூட்டுறவுச் சங்கம் இரண்டின் பாக்கெட்டுகளும் சென்னைக்கு வெளியிலும் கிடைக்கின்றன. பெயரற்ற பாலித்தீன் பொட்டலத்துக்கு இவை எவ்வளவோ மேல்.

கொரகொரப்பாக இருப்பதில் இன்னொரு வசதி, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். நிலவேம்பின் தண்டு நாற்பட்டையானது. கையில் பரப்பிப் பார்த்தால் சதுரமான துண்டுகள் அகப்படும். ஆனால் தண்டு மட்டுமே மண்டிக்கிடந்தால் அது மட்டமான சரக்கு. கசப்புக்கும் மருந்துக்கும் ஆதாரமான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம், செடி பூக்கும் பருவத்தில் உச்சத்தில் இருக்கும். கீழிதழில் ஊதாக் கோடுள்ள சிறு வெள்ளைப் பூ வரும்போது அறுத்து நிழலில் உலர்த்திய செடி பச்சை மாறாமல் இருக்கும். பழுத்துக் காய்ந்தது வைக்கோல் நிறம். மூக்குக்கும் வேலை உண்டு: திறந்ததும் வெட்டிவேரும் சுக்கும் மணக்க வேண்டும். புழுதி வாசம் மட்டும் வந்தால் பழைய சரக்கு.

வைக்கும் முறை: 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி சூரணத்தை 200 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில், மூடாமல், சிறு தீயில் 50 மி.லி. ஆகும் வரை காய்ச்சி வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பலரும் தவறுவது தீயில்தான். பெருந்தீயில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், வேரும் கிழங்கும் சாறு விடாது. கசப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், கஷாயம் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். மாவுப் பொடியைக் கொதிக்கவிட்டால் துணியையும் மீறிச் சேறாக இறங்கித் தொண்டையில் ஒட்டும், குமட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 50 மி.லி. போதும். குழந்தைகளுக்கான அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். காய்ச்சியதை 4 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் வைத்ததை இரவு சூடாக்கிக் குடிக்கக் கூடாது. கசப்புக்கு, குடித்த பிறகு சிறிது பனைவெல்லம் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, ஏனென்றால் நிலவேம்பு இரண்டையும் இன்னும் இறக்கக்கூடும். அளவு மீறினால் வயிற்றெரிச்சலும் வாந்தியும் வரும். "தினம் குடித்தால் டெங்கு அண்டாது" என்று எழுதியிருக்கும் பாக்கெட்டை நம்பாதீர்கள். டெங்குவில் தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தக் கசிவு தெரிந்தால் கஷாயத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாத்திரை பற்றிச் சொல்ல அதிகமில்லை: பயணத்துக்கு வசதி, ஆனால் பல மாத்திரைகளில் நிலவேம்பு மட்டும்தான், மற்ற எட்டும் இல்லை. வாங்கிய சூரணத்தைக் கண்ணாடிப் பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் வையுங்கள். கட்டி தட்டினாலோ வண்டு விழுந்தாலோ சலித்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.