கூரையில் போட்ட காசு: பீடோங்கில் பத்து வெயில் காலம்

எனக்கு வெயில் காலம் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. மலேசியாவில் வருடம் முழுக்க வெயில்தானே, அதில் தனியாக ஒரு வெயில் காலம் ஏது என்று கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்கள் கேட்பார்கள். வடக்கே கெடா மாநிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. ஜனவரி பிறந்ததும் மழை நின்றுவிடும். பிப்ரவரியில் புல் காய்ந்து, ஜெராய் மலை புகைமூட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் வீட்டுச் சுவரைத் தொட்டால் இரவு பத்து மணிக்கும் சூடு இருக்கும்.

நான் பிறந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா பால் வெட்டினார். ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் இதே மாதங்களில்தான். இலை கொட்டி, புதுத் தளிர் வந்து முற்றும்வரை பால் குறைந்துவிடும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும். நிழல் கொடுக்க வேண்டிய மரங்கள் எல்லாம் குச்சி குச்சியாக நிற்கும்போதுதான் வெயிலும் உச்சத்தில் இருக்கும். கடையில் பற்று ஏறுவதும், வீட்டில் பேச்சு குறைவதும் அந்த மாதங்களில்தான். இந்தப் பருவத்தின் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் பாதி அங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. மீதிப் பாதிக்கு ஏதாவது செய்யலாம் என்று 2016இல் தொடங்கினேன். அன்றிலிருந்து எதில் காசு போட்டேன், எது உழைத்தது, எது வீணானது என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் வீடு பீடோங் டவுனை ஒட்டியது. செங்கல் சுவர், தகரக் கூரை, மேற்குப் பார்த்த வாசல். உங்கள் வீடும் இப்படி இருந்தால் இது உதவும்.

2016 வெயிலை வடக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் வறட்சி வரும் எல் நினோ வருடம். ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூடினார்கள். அந்த மார்ச்சில் அவசர அவசரமாக நான் வாங்கியது ஏர் கூலர். 399 வெள்ளி (ரிங்கிட்). தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டி போட்டு ஓடவிட்டால் ஜிலுஜிலு என்று காற்று வரும் என்று கடையில் சொன்னார்கள். முன்னால் உட்கார்ந்தால் வரத்தான் செய்தது, முதல் அரை மணி நேரம். கதவை மூடிவிட்டுப் படுத்தால் நடு இரவில் தலையணை நமத்துப்போய், உடம்பெல்லாம் பிசுபிசு என்று எழுந்து உட்காருவோம்.

காரணம் எளிது. ஈரத்துணி காயும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், அந்த மெஷினும் அதைத்தான் செய்கிறது. காற்று வறண்டிருக்கும் ஊரில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி நன்றாகக் குளிரும். நம் ஊரில் மழை இல்லாத மாதத்திலும் இரவில் காற்று முழுக்க ஈரம். துணி காயாத காற்றில் தண்ணீர் எப்படி ஆவியாகும்? அறைக்குள் ஈரத்தைச் சேர்த்து, நம் வியர்வையையும் காயவிடாமல் செய்வதுதான் மிச்சம். இரண்டு மாதம் ஓட்டினேன். தொட்டியில் நாற்றமும் கொசுப்புழுவும் வந்ததும் நிறுத்திவிட்டேன். மலேசியாவில் வீட்டுக்குள் வைக்க யாராவது ஏர் கூலர் வாங்க யோசித்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பச்சை வலை. காய்கறித் தோட்டத்துக்குப் போடுவார்களே, அதுதான். ஹார்ட்வேர் கடையில் எத்தனை சதவீதம் நிழல் என்று கேட்டு மீட்டர் கணக்கில் வாங்கலாம். மேற்குப் பக்க வாசலுக்கு வெளியே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கட்டினோம். வெளியே என்பது முக்கியம். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகுதான் மறைக்கிறோம், சூடு அறைக்குள்ளேயே நின்றுவிடும். அந்த வலை மூன்று வருடம் இருந்து ஒரு புயல்காற்றில் கிழிந்தது. அதே இடத்தில் மறுபடியும் வாங்கிக் கட்டினோம். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம்.

சரி, கூரைக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பீடோங் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில், சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல. நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் ஒன்றேகால் மணிக்கு மேல்தான் உச்சி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்துச் சூரியன் சுவரில் அடிப்பதில்லை, நேராகக் கூரையில்தான் இறங்குகிறது. நாங்கள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் அவ்வளவு செய்தும் மூன்று மணிக்கு வீடு அடுப்பாகக் கொதித்ததற்கு இதுதான் காரணம். சீலிங் பலகையில் கை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை.

2019இல் பழைய தகரம் துருப்பிடித்து மாற்ற வேண்டி வந்தது. அப்போது வேலைக்கு வந்த தம்பிதான் சொன்னார், "அக்கா, தகரத்த மட்டும் மாத்தினா மறுபடியும் இதே சூடுதான். அடியில அலுமினியத் தாள் போட்டுருங்க." நுரை வைத்து ஒட்டிய பளபளப்பான தாள் அது. தகரம் சூடாகிக் கீழ்நோக்கி வீசும் அனலை அது தடுத்துவிடும். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும், சீலிங்கோடு ஒட்டிப் போட்டால் பயன் இல்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். பளபளப்பைக் கீழ்ப்பக்கம் வைக்கச் சொன்னதும் அவர்தான். மேல்நோக்கி வைத்தால் சில வருடத்தில் தூசு படிந்து மங்கிவிடும், கீழ்நோக்கி இருந்தால் சுத்தமாகவே இருக்கும். இந்த இரண்டையும் உங்கள் வீட்டுக் கூரை வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கூரை மாற்றுவதற்கு முந்தைய வாரம் வரவேற்பறையில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு சாதாரண வெப்பமானி மாட்டியிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு 36, 36.5 என்று காட்டியது. மாற்றிய பிறகு, அதே மாதிரி வெயில் அடித்த நாட்களில் 33. மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். 36இல் காற்றாடியைப் போட்டால் அனல் காற்று முகத்தில் அடிக்கும், 33இல் அதே காற்றாடி சுகமாக இருக்கும். முன்பு மதியத்தில் வீட்டை விட்டு வாசலில் போய் உட்காருவோம், இப்போது வாசலிலிருந்து உள்ளே வருகிறோம். பணம் போதாததால் சமையல்கட்டுப் பகுதிக்கு மட்டும் அப்போது தாள் போடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூரை மேல் காற்றில் தானாகச் சுழலும் வென்டிலேட்டரும் ஒன்று வைத்தோம். சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு வெளியேறும். கூரை விளிம்பில் காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் வேலை செய்யும். ஓரளவுதான் உதவி, நாலாவது வருடத்தில் கிறீச்சிட ஆரம்பித்தது.

காற்றாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்பறையில் இருக்கும் 60 அங்குல கே.டி.கே. எங்கள் பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்தது, இன்னும் ஓடுகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் வெளிக்காற்று ஆறியதும் நிற்கும் காற்றாடி ஒன்றைப் பின்பக்க ஜன்னலை நோக்கித் திருப்பி வைத்தால் வீட்டுக்குள் அடைந்த சூடு வெளியே போகும், முன்வாசல் வழியாகப் புதுக்காற்று வரும். ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

2021இல் அம்மாவின் அறைக்கு ஒரு குதிரைசக்தி இன்வெர்ட்டர் ஏர்கோன் போட்டோம். நல்ல முடிவுதான், ஆனால் கூரைக்குப் பிறகு போட்டதால்தான் நல்ல முடிவு. தாள் போடாத கூரையின் கீழ் அதே மெஷின் ஓய்வில்லாமல் ஓடியிருக்கும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை 26இல் வைக்கிறோம், கூடவே காற்றாடி மெதுவாக ஓடும். பில் எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு மாதம் 230 யூனிட் அளவில் இருந்தது 350 ஆனது. அப்போதைய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென், 300ஐத் தாண்டினால் 51.60 சென். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 54 வெள்ளி பில் 103 வெள்ளி ஆகிவிட்டது. யூனிட் ஒன்றரை மடங்கு, பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2025 ஜூலையிலிருந்து கட்டண முறையே மாறிவிட்டது, அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுகிறேன். விட்டுவிட்டால் குளிரும் குறையும், சத்தமும் கூடும்.

இவ்வளவு செய்தும் 2024 மார்ச்சில் அம்மாவைக் கிளினிக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. மறுபடியும் எல் நினோ. வானிலைத் துறையான மெட்மலேசியா அந்தப் பருவத்தில் நாள்தோறும் எச்சரிக்கை வெளியிட்டது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை, 37 முதல் 40 வரை என்றால் வெப்ப அலை, 40ஐத் தாண்டினால் கடுமையான வெப்ப அலை. நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தாள் போடாத அந்தச் சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நான் வந்தபோது என்னைச் சின்னம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை. தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, காற்றாடியைத் திருப்பிவிட்டேன், வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

அன்று டாக்டர் சொன்னதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பேச்சு குழம்பினால் அது வெறும் களைப்பு அல்ல, காத்திருக்காமல் குளிர்விக்க வேண்டும், 999ஐக் கூப்பிட வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைந்துவிடும், கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக வைத்து உடம்பில் தண்ணீரைக் குறைக்கும். அம்மாவும் அப்படி ஒன்று சாப்பிட்டு வந்தார். அதை நாமாக நிறுத்தக்கூடாது, வெயில் காலத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இதை நான் எட்டு வெயில் காலம் கேட்காமல் விட்டது இன்னும் மனதை அறுக்கிறது.

அதற்குப் பிறகு வாங்கிய பொருள் எதுவும் இல்லை. மாற்றியது நேரத்தைத்தான். பால் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே மரத்துக்குப் போவார்கள், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். அந்தக் கணக்கில் அம்மா முப்பது வருடம் வாழ்ந்தார். இப்போது வீடு முழுவதும் அதே கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஒன்பதரைக்குள் சமையல் முடிந்து அடுப்பு அணைந்துவிடும். கூரைத் தொட்டித் தண்ணீர் மதியம் சுடும் என்பதால் குளிக்கும் தண்ணீரைக் காலையிலேயே பெரிய வாளிகளில் பிடித்து உள்ளே வைத்துவிடுவோம், வறட்சியில் குழாய் மெலிந்துபோகும் நாட்களுக்கும் அது ஆகும். பதினொரு மணிக்குக் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயத்தோடு. மூன்று மணிக்கு உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு. தாகம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, கையில் கொடுத்துவிடுவேன். ஒரு மணி முதல் ஐந்து மணிவரை அம்மா சமையல்கட்டுப் பக்கம் போகக்கூடாது.

கிளினிக்கிலிருந்து வந்த அடுத்த வாரமே கூரை வேலை செய்த தம்பியை வரச் சொல்லி, சமையல்கட்டுக்கும் தாள் போடக் கேட்டேன். அவர் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வெளியே வந்தார். வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். மற்ற அறைகளில் தாள் போட்டதிலிருந்து தகரத்தில் மழைச் சத்தமே கேட்பதில்லை, நுரை அமுக்கிவிடுகிறது.

"அங்கன ஒரு எடமாச்சும் அப்படியே இருக்கட்டும்மா. மழ வந்தா எனக்குத் தெரியணும்."

வாதாடினேன். பிறகு விட்டுவிட்டேன். தம்பி அளவு நாடாவைச் சுருட்டி மோட்டாரில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வருடம் ஏப்ரல் நடுவில் ஒரு சாயங்காலம், ஜெராய் பக்கம் இடி இடித்தது. அம்மா எழுந்து போய் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டார். முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்ததும் உள்ளே திரும்பி, கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.