நிழலைத் துரத்தும் பையன்: ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய நாவல், 10 அத்தியாயங்கள். 12 வயதுக்கு மேல் கொடுக்கலாம். 4ஆம் அத்தியாயத்தில், கெட் என்ற மந்திரப் பள்ளி மாணவன் வீம்புக்கு மந்திரம் போட்டு, தன்னையே தாக்கும் ஒரு நிழல் உருவத்தை அவிழ்த்துவிடுகிறான். முகத்தில் தழும்பு, வாரக்கணக்கில் படுக்கை, பிறகு ஒரே ஓட்டம். 7ஆம் அத்தியாயத்தில் பழைய குரு ஓகியன் அவனைத் திரும்பி நின்று நிழலைத் துரத்தச் சொல்கிறார். நாவலின் உயிர் அங்கேதான்: பயம் அப்படியே இருக்கிறது, ஓடும் திசைதான் மாறுகிறது. பதற்றத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அறிவுரையைவிட இது உறைக்கும்.

தொடக்கம் மெதுவாகத்தான் நகரும். கதை நடக்கும் தீவுகளின் பெயர்கள் குழப்பும். புத்தகத்தில் உள்ள வரைபடத்தில் விரல் வைத்துப் படித்தால் சரியாகிவிடும். பெண் பாத்திரங்கள் குறைவு, அது குறைதான். முடித்ததும் ‘என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்டுக் கெடுக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் மூடிவைக்கத் தோன்றியது என்று கேளுங்கள்.