டப்பா எஞ்சிலாடா சாஸ்: வாங்கலாம், ஆனால் 2 டப்பா

டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறி வைத்துச் சுருட்டி, மிளகாய் சாஸ் ஊற்றி அவனில் சுடும் மெக்சிகோ உணவுதான் எஞ்சிலாடா. கடைச் சிவப்பு எஞ்சிலாடா சாஸ் வேலையைப் பாதியாக்குகிறது. ஆனால் உப்பு தூக்கல், மிளகாய் மணம் மட்டு. ஆஞ்சோ என்ற காய்ந்த மெக்சிகோ மிளகாய் 2 ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் தேறிவிடும். 8 எஞ்சிலாடாவுக்கு 280 கிராம் டப்பா ஒன்று பற்றாது; ஓரங்கள் காய்ந்து விறைத்துப்போகும்.

அரை கிலோ மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயம், சீரகத்தூளோடு நீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். உப்பைக் குறைத்தே போடுங்கள்.

மக்காச்சோள டார்ட்டியாதான் சரி; கோதுமையில் செய்தது சாஸில் ஊறிக் கொழகொழத்துவிடும். பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே சுருட்டினால் விண்டுபோகும். சூடான எண்ணெயில் பக்கத்துக்கு 10 விநாடி புரட்டினால் நன்றாக வளையும், சாஸையும் அளவோடு உறிஞ்சும். கறியை வைத்துச் சுருட்டி, மடிப்பு அடியில் இருக்க நெருக்கி அடுக்கி, சாஸ், சீஸ் போட்டு அவனில் 180 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம்.

துருவி விற்கும் சீஸ் வேண்டாம். ஒட்டாதிருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள், வழவழவென்று உருகாது.