கியாரி குறைபாடும் தண்டுவட நீர்ப்பையும்: துளையை அகலப்படுத்துவதா, மூட்டைப் பிணைப்பதா?

தண்டுவடத்துக்குள் நீர் தேங்கி நீளவாக்கில் பைபோல விரியும் சிரிங்கோமயிலியாவின் வேர், பெரும்பாலும் தண்டுவடத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடிப்புறமும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் கூடும் இடத்தில் இருக்கிறது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் எம்.ஆர்.ஐ. படத்தோடு சேலத்துக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, பெங்களூரு நிம்ஹான்சுக்கோ செல்லும் குடும்பங்களுக்கு இரண்டு வேறுபட்ட அறுவை சிகிச்சைகள் சொல்லப்படலாம். எலும்பைச் செதுக்கி மண்டையோட்டின் அடியிலுள்ள துளையை அகலப்படுத்துவது ஒன்று. அட்லஸ், ஆக்சிஸ் எனப்படும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளைத் திருகாணிகளால் பிணைப்பது மற்றொன்று.

முதலாவது, சிறுமூளையின் கீழ்நுனிகள் மண்டையோட்டின் பெருந்துளை வழியே கழுத்துக்குள் இறங்கியிருக்கும் கியாரி குறைபாட்டுக்கு உரியது. 1891-இல் ஹான்ஸ் கியாரி விவரித்த இந்த நிலையில், நுனிகள் 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் பொதுவாகக் குறைபாடு என்று கணக்கிடுகிறார்கள். 1994-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஓல்ட்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒவ்வோர் இதயத் துடிப்பிலும் இந்த நுனிகள் துளையை அடைத்துக்கொண்டு கீழ்நோக்கி அழுத்துவதால், மூளைத் தண்டுவடத் திரவம் தண்டுவடத்தின் திசுவுக்குள் தள்ளப்பட்டு நீர்ப்பை உருவாகிறது. துளையின் பின்விளிம்பையும் அட்லஸின் பின்வளைவையும் அகற்றினால் திரவம் தடையின்றி ஓடும். பல நோயாளிகளுக்கு நீர்ப்பையும் தானாகவே சுருங்கிவிடும். எலும்பை மட்டும் எடுத்தால் திரவக் கசிவும் தொற்றும் குறைவு. மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் டியூரா உறையையும் திறந்து ஒட்டுப் போட்டால் அந்த அபாயங்கள் கூடினாலும், மறுபடி அறுவை செய்ய வேண்டிவருவது குறைகிறது. நீர்ப்பை பெரிதாக இருக்கும் பெரியவர்களுக்கு உறையையும் திறக்கும் முறையே மேல் என்று நான் கருதுகிறேன்.

பிணைப்பு வேறொரு கோளாறுக்கானது. அட்லஸ் பிறவியிலேயே மண்டையோட்டோடு ஒட்டியிருந்தாலோ, ஆக்சிஸின் பல் போன்ற முனை மேலேறிப் பெருந்துளைக்குள் நுழைந்திருந்தாலோ, இரண்டு எலும்புகளுக்கும் இடைப்பட்ட மூட்டு நிலைகுலைந்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டையான கழுத்து, தாழ்ந்த பின்தலை முடிக்கோடு, சாய்ந்த தலை ஆகியவை இதற்கான வெளி அடையாளங்கள். மும்பையின் நரம்பியல் அறுவை நிபுணர் அதுல் கோயல், லஹேரியுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட தகடு–திருகாணி முறை, இந்த மூட்டை நேரடியாகவே பூட்டுகிறது. பின்னர் மூட்டை விரித்து, மேலேறிய முனையைக் கீழிறக்கும் முறையும் வந்ததால், வாய்வழியாக எலும்பை எடுக்கும் கடினமான அறுவையின் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த மூட்டில்தான் நடக்கிறது. பூட்டினால் அது போய்விடும். ஓசூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சின்ன இழப்பன்று. முதுகெலும்புத் தமனி திருகாணியின் பாதையை ஒட்டியே செல்வதால், கைதேர்ந்த குழு இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும்.

2015-இல் கோயல் ஒரு படி மேலே சென்று, கியாரி குறைபாட்டுக்கே மூட்டின் நிலையின்மைதான் காரணம் என்றும் எல்லோருக்கும் பிணைப்பே தீர்வு என்றும் வாதிட்டார். அறுவை நிபுணர்கள் பலர் இதை ஏற்கவில்லை. மூட்டு உறுதியாக இருப்பவரின் கழுத்து அசைவைப் பறிப்பது நியாயமாக எனக்கும் படவில்லை. மறுபுறம், மூட்டு ஆடிக்கொண்டிருப்பவருக்குத் துளையை மட்டும் அகலப்படுத்தினால், எஞ்சியிருந்த பிடிப்பும் தளர்ந்து நிலைமை மோசமாகலாம். ஆகவே, படுத்த நிலையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், கழுத்தைக் குனிந்தும் நிமிர்த்தியும் எடுக்கும் எக்ஸ்ரே அல்லது சி.டி. படத்தையும் மருத்துவரின் மேற்பார்வையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு அட்லஸின் முன்வளைவுக்கும் ஆக்சிஸின் முனைக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், பிணைப்பைப் பற்றிப் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது.

நம் மாவட்டங்களில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்த முதியவர்களுக்குத் தசைநார்கள் சுண்ணம் படிந்து கடினமாகி, கழுத்துத் தண்டுவடத்தை நெருக்குவதுண்டு. அவர்களுக்கும் கைகால் விறைக்கும், நடை தடுமாறும், சிகிச்சையோ வேறு. நீர்ப்பை நோய்க்கான தடயம் கைகளில்தான் தெரியும்: தொடுவது தெரியும், சூடு தெரியாது. கொதிக்கும் களியை உருட்டும் கை வெந்திருந்தும் வலிக்கவில்லை என்றால் அலட்சியப்படுத்தாதீர்கள். தொழுநோயிலும் இப்படி நேரலாம் என்பதால் அதையும் சோதித்து விலக்க வேண்டும்.

நீர்ப்பையில் நேரடியாகக் குழாய் வைத்து வடிப்பது கடைசி வழி. மேலுள்ள அடைப்பு நீடிக்கும்வரை நீர் மீண்டும் சேரும், குழாயும் அடைத்துக்கொள்ளும். அறிகுறி எதுவும் இல்லாமல் தற்செயலாகத் தெரியவந்த சிறிய நீர்ப்பை என்றால், குறித்த இடைவெளியில் படம் எடுத்துக் காத்திருப்பதே சரி. வளரும் பிள்ளைக்கு முதுகு வளையத் தொடங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. மூட்டு நிலைகுலைந்திருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், சும்மாடு கட்டி விறகும் குடமும் சுமப்பதை நிறுத்த வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடமும் முடிதிருத்தகத்திலும் கழுத்தில் நெட்டி எடுக்க ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது.