கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்கு வந்த என்கார்சியா

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த, தமிழக எல்லைக்கு அப்பால் உள்ள ஓர் ஒட்டுண்ணி உற்பத்தி மையத்தில் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி அடங்கிய தென்னங்கீற்றுத் துண்டுகளை வாங்கினேன். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து, 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, சாற்றை உறிஞ்சுவதோடு, அது வடிக்கும் தேன் போன்ற கழிவின் மீது கரும்பூசணம் படர்ந்து ஓலைகளையே கரியாக்கிவிடுகிறது.

இந்த ஈயின் இளங்குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் சிறு குளவிதான் என்கார்சியா. தாக்கப்பட்ட குஞ்சுகள் கருத்துவிடுவதால், அது வேலை செய்கிறதா என்பதை நாமே கைலென்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஏக்கருக்குப் பத்துத் துண்டுகள் வீதம், பத்து மரங்களுக்கு ஒன்றாக அடியோலையில் கட்டினோம். மூன்றாம் மாதம் அடியோலைகளில் கருத்த குஞ்சுகளே மிகுதியாக இருந்ததைக் கண்டபோது, மருந்து தெளிக்காமல் பொறுத்திருந்தது சரி என்று மனம் நிறைந்தது. பூச்சிக்கொல்லி அடித்திருந்தால் குளவியும் சேர்ந்தே மடிந்திருக்கும்.

முதல் தவணைத் துண்டுகள் நெகிழிப் பையில் புழுங்கி வந்தன, சேகரித்த தேதியும் எழுதப்படவில்லை. உயிருள்ள பொருளை இப்படிக் கொடுப்பது பெருங்குறை. சொன்ன பிறகு இரண்டாம் தவணை காகித உறையில், தேதியுடன் வந்தது. பழைய பூசணம் குளவியால் போகாது. அதற்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத்தான் தெளித்தோம்.