டென்மார்க் கற்கருவிப் பெட்டி: கத்தி சுமார், கோடரி அருமை

வகுப்பில் காட்டலாமென்று இணையத்தில் தேடி, சுங்க வரியோடு 19 ஆயிரம் ரூபாய் அழுது வாங்கிய பெட்டி இது. அப்புத்தளைக்கு வந்து சேர ஏழு வாரம். உள்ளே ஒரு கத்தி, பிடி போட்ட ஒரு கோடரி, நாலு சிக்கிமுக்கிக் கல் சில்லுகள், சின்னப் புத்தகம் ஒன்று.

கத்திதான் விளம்பரத்தில் பெரிதாக இருந்தது. டென்மார்க்கில் கிடைத்த ஹின்ட்ஸ்கவல் என்ற கற்காலக் கத்தியின் நகல், அதாவது 2009 வரிசை டேனிஷ் 100 குரோனர் நோட்டில் படம் போட்டார்களே, அது. அசல் 29.5 செ.மீ. நீளம், தடிப்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, வெண்கலக் கத்தியைப் பார்த்துக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறான் மனுசன். எனக்கு வந்ததோ பிளாஸ்டிக் வார்ப்பு, கையில் எடுத்தால் சீப்பு மாதிரிக் கனம், போதாததற்குப் பிடியில் வெடிப்பு வேறு. படம் அனுப்பிக் கேட்டேன், பதிலே இல்லை.

ஆனால் சில்லுகள் அசல் கல். லீக்ஸ் வெட்டிப் பார்த்தோம், அம்மா தன் கத்தியை ஓரமாக வைத்துவிட்டார்.

கோடரிக் கதை வேறு. நான் தோளுக்கு மேல் ஓங்கிக் கொய்யாக் கிளையில் போட்டேன், கல் துள்ளியது, கை விறைத்ததுதான் மிச்சம். முப்பது வருசம் கவ்வாத்து வெட்டிய மாமா "இங்க குடு தம்பி" என்று வாங்கி, முழங்கையும் மணிக்கட்டும் மட்டும் அசைய சின்னச் சின்னதாய்க் கொத்தினார், கிளை விழுந்துவிட்டது. 1950களில் டென்மார்க்கின் டிராவெட் காட்டில் ஆய்வாளர்கள் கற்கோடரியால் மரம் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் இதே குட்டை வீச்சைத்தான்.

புத்தகத்தில்தான் என் பெரிய குறை. ஸ்காண்டிநேவியா என்றாலே சிக்கிமுக்கி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் சுண்ணப் பாறை இருக்கிற டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும்தான் தாராளம், மால்மோவுக்குப் பக்கத்தில் குழி தோண்டியே எடுத்திருக்கிறார்கள். கற்காலத்து நடு ஸ்வீடன்காரனுக்கு அது இல்லை, நினைத்தபடி உடையாத படிகக்கல்லை (குவார்ட்ஸ்) வைத்துத்தான் காலம் தள்ளினான். நம் பண்டாரவளை மேடுகளில் கிடைத்த சின்னச் சின்னக் கற்கால ஆயுதங்களும் பெரும்பாலும் படிகக்கல்தானே! ஒரு துண்டு வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும். நான் தேயிலை மலைப் பாதையில் பொறுக்கிய ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

நிலம் பற்றியும் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பனியுகத்தில் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாறை உருகிப் பாரம் இறங்கியதும் வட ஸ்வீடன் கரை மேலெழும்பத் தொடங்கி, இன்றும் வருசத்துக்கு 8 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. பழைய கடற்கரைக் கோடு ஓரிடத்தில் கிட்டத்தட்ட 285 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அன்று கரையில் மீன் சுட்ட கற்கால மனிதர்களின் அடுப்பைத் தேடி மேடேற வேண்டும், நம்ம ஊர் மாதிரி.

வாங்குவதாக இருந்தால் முழுப் பெட்டி வேண்டாம். கோடரியையும் சில்லுகளையும் தனியாகவும் விற்கிறார்கள், விலை பாதிக்கும் கீழே. பொதி பிரிக்கும்போது மட்டும் விரல் பத்திரம், சில்லுகளைச் சும்மா துணியில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள்.