ரஸ்ட்ல ஒன்டைம் வேல்யூ: நல்லா தான் இருக்கு, ஆனா பாதி தான்

ரஸ்ட்ங்கிற ப்ரோகிராமிங் மொழில ஒரு வேல்யூவை ஒரு தடவைக்கு மேல யூஸ் பண்ண விடாம தடுக்குற வசதி பத்தி, கேஎல்ல (கோலாலம்பூர்) பேமெண்ட் கோடு எழுதுறவங்களுக்கு தான் இந்த ரிவ்யூ. ரீஃபண்டு ரெண்டு தடவை ஓடிட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ரஸ்ட்ல ஒரு ஸ்ட்ரிங்கையோ ஃபைலையோ ஃபங்ஷனுக்கு அப்படியே குடுத்துட்டா அது அங்க போயிடும், திரும்ப அதே பேரை தொட்டா கம்பைலரு (கோடை மெஷினுக்கு மாத்துற டூல்) ஈ0382னு எரர் அடிக்கும், எந்த லைன்ல கைய விட்டு போச்சுனும் காட்டும். எல்ஆர்டி ரயில் டோக்கன் மாதிரி தான், வெளிய வரப்ப ஓட்டைல போட்டாச்சுனா அதை வச்சு இன்னொரு ட்ரிப் போக முடியாது. அதனால ரீஃபண்டு பர்மிஷனை ஒரு ஸ்ட்ரக்ட்டா (நாமளே வரையறுக்குற டைப்) வச்சு, வெளிய யாரும் புதுசா உருவாக்க முடியாதபடி உள்ள இருக்குற ஃபீல்டை பிரைவேட்டாக்கி, ரீஃபண்டு மெத்தட் செல்ஃபை (அதாவது அந்த பர்மிஷனையே) முழுசா வாங்குற மாதிரி எழுதினா அதே பர்மிஷனை ரெண்டாவது தடவை யூஸ் பண்ற கோடு கம்பைலே ஆகாது. சி பிளஸ் பிளஸ்லயும் 2011லேர்ந்து மூவ் (இப்படி வேல்யூவை கைமாத்துறது) இருக்கு, ஆனா மூவ் பண்ணின பிறகும் பழைய வேரியபிளை தாராளமா தொடலாம், கம்பைலரு கண்டுக்காது.

ஒண்ணு கவனிங்க பாஸ், வெறும் யூ64 (64 பிட் முழு எண்) நம்பரை அனுப்பினா இந்த பாதுகாப்பு எதுவும் கிடையாது, நம்பர் எல்லாம் தானா காப்பி ஆகும். ஸ்ட்ரக்ட்டுக்கு எவனாவது குளோன் (காப்பி எடுக்குற வசதி) போட்டு விட்டாலும் அதே கதி லா (எரர் வந்தா உடனே குளோன் போடுற ஆளு எல்லா டீம்லயும் உண்டு). அப்புறம் இது ஒரு ப்ரோகிராமுக்குள்ள மட்டும் தான், நெட்வொர்க் கட்டாகி ரெக்வெஸ்ட் திரும்ப வந்தா டேட்டாபேஸ்ல யுனிக் கீ போட்டு தான் தடுக்கணும்.

என் பெரிய கம்ப்ளைண்ட் வேற. ரெண்டாவது தடவை யூஸ் பண்ண விடாதே தவிர, ஒரு தடவையாவது யூஸ் பண்ணுனு ரஸ்ட் கட்டாயப்படுத்தாது. ரீஃபண்டே பண்ணாம ஃபங்ஷன் முடிஞ்சா வேல்யூ சத்தமில்லாம ட்ராப் ஆயிடும் (அழிஞ்சிடும்). மஸ்ட் யூஸ்ங்கிற குறிப்பு போட்டாலும் வெறும் வார்னிங் தான், அதுவும் வேரியபிள்ல வாங்கி வச்சுட்டா வராது. சரியா ஒரே தடவைங்கிற லீனியர் டைப் பத்தி கம்ப்யூட்டர் விஞ்ஞானி பிலிப் வாட்லர் 1990லயே பேப்பர் எழுதிட்டாரு, ஹாஸ்கல் மொழிலயும் 2021ல வந்த அதோட கம்பைலரு ஜிஎச்சி 9.0லேர்ந்து எக்ஸ்டென்ஷனா கெடைக்குது, ஆனா அதுக்காக ஆபீஸ்ல ஹாஸ்கல்னு வாய தொறந்தா மீட்டிங்கே முடிஞ்சிடும்.

இப்போதைக்கு வேல்யூ அழியறப்போ ஓடுற ட்ராப்புக்குள்ள பேனிக் (ப்ரோகிராமை நிறுத்துற எரர்) போட்டு, ரீஃபண்டு ஒழுங்கா முடிஞ்சா மட்டும் ஃபர்கெட் (ட்ராப்பை ஓட விடாத ஃபங்ஷன்) கூப்பிட்டு அதை தாண்டுறது தான் நான் யூஸ் பண்ற வழி. டெஸ்ட் ஓடறப்போவே மாட்டிக்கும், கம்பைல் டைம்ல மாட்டாது. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.